சேகிகஹாரா போர்டு கேம்: படை என்னுடையது, பேச்சு கேட்பது அதன் இஷ்டம்

போன சனிக்கிழமை ராத்திரி, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒசாகா கோட்டையைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் பறிகொடுத்தேன். தோற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் கோட்டை வாசலில் நின்ற என் படை அவர் படையைவிடப் பெரியது. பொன்னிறக் கட்டைகள் கல்யாண வீட்டு லட்டு மாதிரி அடுக்கி நிற்கின்றன, அவர் கொண்டுவந்த கறுப்புக் கட்டைகள் அதில் பாதிதான் இருக்கும். இருந்தும் தோற்றேன், ஏனென்றால் அங்கே நின்றவர்கள் மோரி குலத்தார், என் கையில் இருந்த சீட்டில் ஒன்று தவிர எல்லாம் உகிதா குலத்துச் சீட்டு. மோரி ஆட்களைச் சண்டையில் இறக்க மோரி சீட்டு வேண்டும். அந்த ஒன்றைப் போட்டு ஒருவரை இறக்கினேன், மற்றவர்கள் எல்லாரும் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்ன தம்பி, உங்க ஆளுங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்களா?" என்றார் மாமா. அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நிஜச் சண்டையில் மோரி படை செய்ததும் ஏறக்குறைய அதேதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

விளையாட்டின் பெயர் சேகிகஹாரா, 1600-ல் ஜப்பானில் அந்த இடத்தில் நடந்த பெரிய சண்டையின் பெயர். 2011-ல் வெளிவந்தது, இரண்டு பேர் ஆடுவது. அந்தச் சண்டையில் எதிரெதிரே நின்ற தலைவர்களில் ஒருவர் தொகுகாவா இயேயாசு, இன்னொருவர் இஷிதா மிட்சுனாரி. பெட்டியில் மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு முதல் ஆட்டம் ஐந்தரை மணி நேரம் ஆனது, நடுவில் ஒரு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) உட்பட.

வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே தென்னாப்பிரிக்காவில் இருந்து இப்படிப்பட்ட சாமான் வாங்க நினைக்கிற யாருக்கும் அது உதவும். முதலில் வெளிநாட்டுக் கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். பொட்டலம் எங்கேயோ இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது, கேட்டால் சுங்கத்தைக் கை காட்டினார்கள், சுங்கத்தைக் கேட்டால் கூரியரைக் கை காட்டினார்கள், கடைசியில் பணம் திரும்பி வந்தது, பொட்டலம் வரவில்லை. அப்புறம்தான் உள்ளூரிலேயே ஒருவர் பழையதை விற்கிறார் என்று தெரிந்து, 1,300 ராண்டுக்கு வாங்கினேன். அவர் இரண்டே முறைதான் ஆடியிருக்கிறார், மனைவிக்குப் பிடிக்கவில்லையாம். எனக்கு அதில் ஒரு பெரிய லாபம். புதுப் பெட்டியில் மரக்கட்டைகள் தனியாகவும் ஸ்டிக்கர் தாள் தனியாகவும்தான் வரும், நூற்றுக்கு மேற்பட்ட கட்டைகளுக்கு நாமேதான் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். அந்த வேலையை அந்தப் புண்ணியவான் முடித்து வைத்திருந்தார். சிலது கோணல். பரவாயில்லை.

வாங்கின காலம் 2023 நடுப்பகுதி, லோட் ஷெடிங் ஊரையே ஆட்டி வைத்த நேரம். டிவி இல்லை, வைஃபை இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு வீடு இருட்டு. பக்கத்து வீட்டு மாமா ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். அவர் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்கு வந்தவர்கள். 1860-ல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிய அந்தக் கதையை அவர் சொன்னால் மணிக்கணக்கில் கேட்கலாம். அவருடைய தமிழ் முழுக்க அவருடைய ஆயாவிடம் கற்றது, பிள்ளைகளோடு இங்கிலீஷ்தான், தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று என்னோடு ஒட்டிக்கொண்டார். எமர்ஜென்சி லைட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வருவார், பெட்டியை நான் திறப்பேன். இப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் சனிக்கிழமை வழக்கம் நிற்கவில்லை. இதுவரை முப்பது ஆட்டம் தாண்டியிருக்கும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். பின்னணி தெரியாமல் ஆடலாம், ஆனால் தெரிந்து ஆடினால்தான் எரிச்சலுக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும்.

ஜப்பானைச் சண்டை போட்டும் பேரம் பேசியும் ஒரே கைக்குள் கொண்டுவந்த தொயோதோமி ஹிதெயோஷி 1598-ல் இறந்தபோது அவர் மகன் ஹிதெயோரிக்கு ஐந்து வயது. பையன் வளரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஐந்து பெரிய தலைகளிடம் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் போனார்: தொகுகாவா இயேயாசு, மாயேதா தொஷியியே, மோரி தெருமோதோ, உகிதா ஹிதெயியே, உயெசுகி ககெகாட்சு. சொத்துக்குச் சின்னப் பையன் வாரிசு, சுற்றிலும் ஐந்து சித்தப்பா பெரியப்பா என்றால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஐவரில் எல்லாரும் மதித்த மாயேதா தொஷியியே அடுத்த வருடமே இறந்தார், அதோடு கடிவாளம் போயிற்று. இயேயாசு தன் பிள்ளைகளுக்குப் பெரிய குலங்களோடு கல்யாண சம்பந்தம் பேச ஆரம்பித்தார், அது ஹிதெயோஷி தடுத்திருந்த காரியம். கணக்குவழக்கு, நிர்வாகம், படைக்குச் சோறு போடும் ஏற்பாடு இதிலெல்லாம் கெட்டிக்காரரான இஷிதா மிட்சுனாரி எதிர்த்து நின்றார். மிட்சுனாரியின் குறை ஒன்றுதான்: ஆட்களுக்கு அவரைப் பிடிக்காது. போர்க்களத்தில் ரத்தம் சிந்தின தளபதிகளுக்கு, கணக்குப்பிள்ளை தங்கள்மேல் குறிப்பெழுதி மேலே அனுப்புகிறான் என்ற கோபம்.

1600 கோடையில் இயேயாசு, உயெசுகியை அடக்கப் போகிறேன் என்று வடகிழக்கே அய்சு பக்கம் கிளம்பினார். அவர் முதுகு திரும்பியதும் மிட்சுனாரி மேற்கில் படை திரட்டினார். விளையாட்டு தொடங்குவது இந்தப் புள்ளியில். மொத்தம் ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு சுற்று. கறுப்புக் கட்டை தொகுகாவா, பொன்னிறம் இஷிதா. கட்டைகள் நிமிர்ந்து நிற்கும், ஸ்டிக்கர் உன் பக்கம் பார்க்கும், எதிரிக்குத் தெரிவது வெறும் நிறம் மட்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது, எத்தனை பேர் என்று மட்டும் தெரியும்.

பகடை கிடையாது. சகுனிக்கு இங்கே வேலையே இல்லை. எல்லாம் சீட்டில்தான். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குலத்தின் முத்திரை இருக்கும். தொகுகாவா பக்கத்தில் தொகுகாவா, ஃபுகுஷிமா, மாயேதா, தாதே. இஷிதா பக்கத்தில் இஷிதா, மோரி, உகிதா, உயெசுகி, அப்புறம் கொபாயகாவா. சண்டை மூண்டால் உன் கட்டை ஒவ்வொன்றையும் இறக்க அதே குலத்துச் சீட்டு ஒன்றைச் செலவழிக்க வேண்டும். சீட்டு தீர்ந்ததா, மீதிக் கட்டைகள் களத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதே குலத்து ஆட்களைத் தொடர்ந்து இறக்கினால் ஒவ்வொருவருக்கும் பலம் கூடிக்கொண்டே போகும். குதிரைப்படை, துப்பாக்கிப் படைக்கு அதற்கென்று தனிச் சீட்டு கிடைத்தால்தான் முழு வீச்சு. சேர்ந்த பலத்தில் ஒவ்வொரு ஏழுக்கும் எதிரிக்கு ஒரு கட்டை காலி, தோற்றவருக்கு மேற்கொண்டு இன்னொன்று.

சண்டைக்கு மட்டும் சீட்டு என்றால் சமாளித்துவிடலாம். நகர்வதற்கும் அதே சீட்டுதான். செலவே செய்யாவிட்டால் ஒரு படையை நகர்த்தலாம், ஒரு சீட்டை எறிந்தால் மூன்று, இரண்டு எறிந்தால் எல்லாம். வாரத் தொடக்கத்தில் யார் முதலில் போவது என்பதற்கும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஏலம். இதற்கெல்லாம் மேலே, புது வாரம் பிறந்தால் கையில் இருப்பதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் புதிதாக ஐந்து எடுக்க வேண்டும், அதாவது சேர்த்து வைத்துக் காத்திருக்கலாம் என்ற சிக்கனக்காரப் புத்தி இங்கே பலிக்காது. என் மனைவி ஒரே ஒரு முறை ஆடினாள், மாதக் கடைசியில் வீட்டுச் செலவு பார்ப்பது மாதிரியே இருக்கிறது, அதை ஆடவும் வேண்டுமா என்று எழுந்து போய்விட்டாள். நியாயமான விமர்சனம்தான்.

ஆனால் இந்த விளையாட்டை மற்றவற்றிலிருந்து தூக்கி நிறுத்துவது இன்னொரு சீட்டு. விசுவாசத்தைச் சோதிக்கும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கட்டையைக் களத்தில் இறக்குகிறேன், உடனே எதிரி இந்தச் சீட்டைப் போடுகிறார். இப்போது அதே கட்டையை இறக்கத் தகுந்த இன்னொரு சீட்டை என் கையிலிருந்து நான் காட்ட வேண்டும். காட்டினால் பிழைத்தேன். காட்ட முடியாவிட்டால் அந்தக் கட்டை அப்படியே திரும்பி, அந்தச் சண்டை முடியும்வரை எதிரிக்காக என்னையே அடிக்கும்.

முதல் முறை இது எனக்கு நடந்தபோது மேசையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. கொபாயகாவாவின் பெரிய கட்டை, அதை நம்பித்தான் அந்தச் சண்டைக்கே போனேன். மாமா சீட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. என் கையில் இன்னொரு கொபாயகாவா இல்லை. "காட்டு தம்பி." இல்லை மாமா. "அப்போ இந்தப் பக்கம் திருப்பு." திருப்பினேன். அப்புறம் அவர் சொன்னது: "நான் இருபது வருஷம் கோவில் கமிட்டியில இருந்தவன். ஓட்டுப் போடறதுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் நம்ம ஆளு, காலையில கை தூக்கும்போது பார்த்தா அந்தப் பக்கம். இந்த கேமைச் செஞ்சவன் எந்தக் கோவில் கமிட்டியில இருந்தானோ."

நிஜத்தில் நடந்தது அதைவிடப் பெரிய கூத்து. 1600 அக்டோபர் 21, காலை. முந்தின ராத்திரி மழை, சேகிகஹாரா பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, பத்தடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. பனி விலகியபோது எட்டு மணி சுமார், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் எதிரெதிரே நின்றார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வரைபடத்தில் பார்த்தால் மிட்சுனாரியின் நிலைதான் நல்ல நிலை, குன்றுகள் மேல் அவர் ஆட்கள், நடுப்பள்ளத்தில் இயேயாசு. தெற்கே மாட்சுவோ மலையில் 15,000 பேரோடு கொபாயகாவா ஹிதெயாகி, ஹிதெயோஷியின் மனைவி வழி உறவு, இருபது வயதுகூட நிரம்பாத பையன் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் வாக்குக் கொடுத்திருந்தான். காலை முழுக்க அசையாமல் நின்றான். மிட்சுனாரி இறங்கி வா என்று தீ மூட்டிச் சைகை காட்டுகிறார், வரவில்லை. பொறுமையிழந்த இயேயாசு அவன் நின்ற பக்கமே துப்பாக்கியால் சுடச் சொன்னார், அந்த அதிர்ச்சியில் பையன் கீழே இறங்கினான் என்பது பழைய கதை. இப்போதைய ஆய்வாளர்கள் சிலர் இதை நம்புவதில்லை, சண்டை தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே அவன் மாறிவிட்டான் என்கிறார்கள். எப்படியோ, இறங்கினான், இறங்கினது மிட்சுனாரியின் ஆட்கள் மேல்.

அவன் வந்து மோதின இடத்தில் நின்றவர் ஒதானி யோஷிட்சுகு. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த ஆள் இவர்தான். தொழுநோய், முகத்தைத் துணியால் மூடியிருப்பார், பார்வையும் போய்க்கொண்டிருந்தது, பல்லக்கில்தான் களத்துக்கு வந்தார். நீ ஜெயிக்க மாட்டாய், உன்னை யாருக்கும் பிடிக்காது என்று மிட்சுனாரியிடம் நேராகவே சொன்னவர், சொல்லிவிட்டு நண்பன் பக்கமே நின்றவர். ஒரு தேநீர் விருந்தில் கிண்ணம் கைமாறி வரும்போது இவர் புண்ணிலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்ததாம், மற்றவர்கள் தயங்கியபோது மிட்சுனாரி மட்டும் அதை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாராம். நடந்ததோ நடக்காததோ, அந்தக் கதையைக் கேட்டதும் மாமா "கர்ணன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்குக் கும்பகர்ணனும் ஞாபகம் வந்தார், தப்பு என்று தெரிந்தும் அண்ணன் போட்ட சோற்றுக்காகப் போனவர். கொபாயகாவா மாறுவான் என்று ஒதானி முன்பே சந்தேகித்து அந்தப் பக்கம் பார்த்துத்தான் நின்றார், முதல் மோதலைத் தாங்கவும் செய்தார். ஆனால் கொபாயகாவா மாறியதைப் பார்த்து வேறு சில சின்னத் தலைகளும் கட்சி மாறின, அதற்கு மேல் முடியவில்லை. களத்திலேயே உயிரை விட்டார்.

இப்போது மோரி விஷயம். இயேயாசுவுக்குப் பின்பக்கமாக நாங்கு மலையில் மோரி படை நின்றது. இறங்கியிருந்தால் இயேயாசு நடுவில் மாட்டியிருப்பார். இறங்கவில்லை, ஏனென்றால் அந்தப் படைக்கு முன்னால் நின்ற கிக்காவா ஹிரோயியே, மோரி குலத்துச் சொந்தக்காரர், இயேயாசுவோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார். அவர் வழி விடவில்லை. பின்னால் நின்ற மோரி ஹிதெமோதோவுக்குத் தர்மசங்கடம். ஏன் இறங்கவில்லை என்று பக்கத்தில் நின்ற கூட்டாளிகள் ஆள் அனுப்பிக் கேட்க, "படைக்குச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது" என்று பதில் போனதாம். ஜப்பானில் இதை வைத்து ஒரு சொலவடையே உண்டு, பிரபுவின் வெற்றுச் சாப்பாட்டுப் பெட்டி என்ற பொருளில். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் சண்டை முடிந்துவிட்டது. போன சனிக்கிழமை என் மோரி கட்டைகள் ஒசாகா வாசலில் சும்மா நின்றதை நினைத்துப் பாருங்கள், மாமாவின் கேள்வி ஏன் என்னை அப்படிக் குத்தியது என்று புரியும்.

இந்த விளையாட்டைச் செய்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், சேகிகஹாராவில் கொபாயகாவா துரோகம் செய்தான் என்று ஒரு விதியை எழுதி ஒட்டவில்லை. எந்தக் குலம் எப்போது கைவிடும் என்பதைச் சீட்டுக் கட்டுக்குள் போட்டுக் கலக்கிவிட்டார்கள். ஒரு ஆட்டத்தில் ஃபுகுஷிமா திரும்பலாம், ஒரு ஆட்டத்தில் உயெசுகி அசையாமல் நிற்கலாம், ஒரு ஆட்டத்தில் கொபாயகாவா கடைசிவரை நாய்க்குட்டி மாதிரி கூடவே வருவான். கையில் இருக்கும் சீட்டு ஆயுதமில்லை, அது நேற்று ராத்திரி வரை யார் யாரிடம் என்ன பேசி வைத்தாய் என்பதன் கணக்கு. இயேயாசு அந்தக் கோடையில் நூற்றுக்கும் மேல் கடிதம் எழுதினார், இன்னாருக்கு இன்ன நிலம், இன்னாருக்கு இன்ன மன்னிப்பு என்று. அந்தக் கடிதங்கள்தான் இங்கே சீட்டாகி வந்திருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மாமா பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவர், ஒரு போரை விளக்க இதைவிட நல்ல பாடம் நான் எழுதியிருக்க முடியாது என்றார், அவர் சுலபத்தில் பாராட்டுகிற ஆள் இல்லை.

வரைபடம் அழகு. தோகைடோ கடற்கரை வழி, நாகசெண்டோ மலை வழி, இரண்டு பெருஞ்சாலைகளும் பளிச்சென்று தெரிகின்றன, சாலையில் போனால் வேகம், ஆள் பெருத்தால் மெதுவாக நகரும். மலை வழியில் உவேடா கோட்டை இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இயேயாசுவின் மகன் ஹிதெதாதா 38,000 பேரோடு அந்த வழியாக வந்தார், உவேடாவில் சானாதா மசாயுகி என்ற கிழட்டு நரி இரண்டாயிரம் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு அவரை வம்புக்கிழுத்து நிறுத்திவிட்டது. பையன் அப்பாவின் வாழ்க்கையிலேயே பெரிய சண்டைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சானாதா வீட்டில் இன்னொரு வேடிக்கை, அப்பாவும் இளைய மகனும் மேற்கே, மூத்த மகன் கிழக்கே. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குடும்பம் பிழைக்கும். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், எங்கள் வார்டு தேர்தலில்கூட இதைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

வெற்றிக்கு வழி சில. இயேயாசு கட்டை செத்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது, மிட்சுனாரி செத்தாலும் அப்படியே, ஒசாகாவில் இருக்கும் குட்டிப் பையன் ஹிதெயோரி பிடிபட்டாலும் அப்படியே. இல்லாவிட்டால் ஏழாவது வாரக் கடைசியில் எண்ணிக்கை: கோட்டைக்கு இரண்டு, வளம் தரும் ஊருக்கு ஒன்று. எங்கள் ஆட்டங்களில் பாதி எண்ணிக்கைக்கே போவதில்லை. யாராவது ஒருவர் கொழுப்பெடுத்துத் தலைவனை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மாட்டிக்கொள்வோம். பெரும்பாலும் அது நான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெயர்கள் பெரிய தலைவலி, முதல் நான்கு ஆட்டம் வரை உகிதா, உயெசுகி, உவேடா மூன்றும் எனக்கு ஒன்றுதான், முத்திரைகளை வைத்து நாங்கள் சொந்தப் பெயர் வைத்துக்கொண்டோம். அதில் ஒன்று "அடைப்பிரதமன்", ஏன் என்று கேட்காதீர்கள். எமர்ஜென்சி லைட்டின் நீல வெளிச்சத்தில் சீட்டில் இருக்கும் சின்னங்களைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், எழுபதைத் தொடும் கண்களுக்கு இன்னும் கஷ்டம். கட்டை நிமிர்ந்து நிற்பதால் மேசையை யாராவது இடித்தால் படுத்துவிடும், படுத்தால் ரகசியம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டு மூன்று வயதுக்காரி இப்படி இரண்டு போர்களை முடித்து வைத்திருக்கிறாள். விதிப் புத்தகம் இங்கிலீஷில் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் கோட்டை முற்றுகை பற்றிய பகுதியை நான் இன்றும் ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்கிறேன்.

எனக்குள்ள உண்மையான மனக்குறை வேறு. ஷிமாசு யோஷிஹிரோவுக்கு இதில் தனிக் குலமாக இடம் இல்லை. ஜப்பானின் தெற்குக் கோடியில் இருக்கும் சட்சுமாக்காரர், அன்றைக்கு ஏறக்குறைய ஆயிரத்து ஐநூறு பேரோடு மேற்குப் பக்கம் நின்றார், காலையிலிருந்து மிட்சுனாரிமேல் கோபம், பெரிதாகச் சண்டை போடவில்லை. எல்லாரும் ஓடின பிறகுதான் அவர் வேலை ஆரம்பித்தது. பின்னால் ஓட வழியில்லை, அதனால் முன்னால், எதிரிப் படையின் நடுவே ஊடுருவி ஓடினார். கூட வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி நின்று துரத்துபவர்களைத் தடுத்துச் சாக, தொகுகாவா பக்கத்து ஈ நவோமசாவுக்குத் துப்பாக்கிக் காயம் பட, கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தது எண்பது பேர் சுமார். தோற்ற பக்கத்தில் நின்றும் ஷிமாசு குலம் ஒரு கைப்பிடி மண்கூட இழக்கவில்லை. இருநூற்று அறுபது சொச்சம் வருடம் கழித்து, 1868-ல் தொகுகாவா ஆட்சியைக் கவிழ்த்தவர்களில் முன்னால் நின்றது அதே சட்சுமா, கூடவே மோரி குலம் ஆண்ட சோஷூ நாடு. அந்தச் சாப்பாட்டுக்காரர்கள்தான். இவ்வளவு பெரிய கதைக்கு இரண்டு சீட்டாவது ஒதுக்கியிருக்கலாம்.

யாருக்கு வாங்கலாம் என்று கேட்டால், எப்போதும் ஆட வரும் ஒரே ஆள் இருந்தால் வாங்குங்கள். இது ஆளை மாற்றி மாற்றி ஆடும் விளையாட்டில்லை. எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதை வைத்து அவர் கையில் மாயேதா சீட்டு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகின பிறகுதான் இதன் ருசி தெரியும். மாமா பொய் சொல்லப் போகும்போது தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்கு ஐந்து மாதம் தெரியாது. தெரிந்த பிறகு வேண்டுமென்றே நகர்த்த ஆரம்பித்தார். நான்கு பேர் கூடும் வீட்டு விசேஷத்துக்கு, பிள்ளைகளோடு சிரித்துப் பேசி ஆட என்றால் வேண்டாம், கேரம் போர்டு போதும். ஜப்பான் வரலாற்றில் ஆர்வம் இருக்கிறது, ஆனால் படிக்கப் பொறுமையில்லை என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

என்னைக் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, ஷிமாசுவுக்காகப் பிடித்து வைத்தது. மாமா ஐந்து கொடுக்கிறார், ஆனால் அவர் போன வாரம் ஜெயித்தவர், அவர் மதிப்பெண்ணை எடுக்கக்கூடாது. வருகிற சனிக்கிழமை பக்கம் மாறி ஆடுகிறோம், நான் கறுப்பு. மனைவி மட்டன் வாங்கி வைத்திருக்கிறாள். இந்த முறை சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.